வயசை அழிக்காத கைகள்

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் ஒரு வீட்டின் உறுப்புகளெல்லாம் தனித்தனியே விலைக்கு நிற்கின்றன. சுவரோரம் பர்மா தேக்குத் தூண்கள். அவற்றில் சாய்த்த நிலைகள், கதவுகள், கம்பி வைத்த ஜன்னல்கள். உள்ளே ஸ்வீடன் எனாமல் தூக்குகள், ஜப்பான் மங்குத் தட்டுகள், பர்மாவின் அரக்குக் கிண்ணங்கள், பெல்ஜியம் கண்ணாடிகள், ரவிவர்மா அச்சுப் படங்கள். வீட்டை அழகுபடுத்தப் பழைய பொருள் தேடுகிறவர்களுக்குத் தமிழ்நாட்டில் இந்தத் தெரு ஒரு முக்கியமான முகவரி. நான் போனது கடைகளின் முன்பக்கத்துக்காக அல்ல. பின்கட்டில் இந்தப் பொருட்களுக்கு மறுபடி உயிர் கொடுக்கிறவர்களைப் பார்க்கப் போனேன்.

இவை ஏன் தெருவுக்கு வந்தன என்பதைச் சொல்லிவிட வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து பர்மா, இலங்கை, மலாயாவில் வணிகம் செய்த நகரத்தார் செட்டிநாட்டு ஊர்களில் முகப்பும் வளவுமாகப் பெரிய வீடுகளை எழுப்பினார்கள். 1942இல் ஜப்பானியப் படை பர்மாவைப் பிடித்ததோடு அந்த வரவின் பெரும்பகுதி நின்றது. பிள்ளைகள் நகரங்களுக்குப் போனார்கள். ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பெருகினார்கள். ஓடு மாற்றக்கூட அத்தனை பேரும் ஒப்ப வேண்டும். காக்க முடியாத வீடுகள் பிரிக்கப்பட்டன. செட்டிநாட்டு ஊர்த் தொகுதிகள் 2014இல் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் இடம்பெற்ற பின்னும் பிரிப்பது நிற்கவில்லை.

பின்கட்டில் ஒரு பெரியவர் கதவொன்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். மேலே பச்சை, அதன் கீழே நீலம், அதற்கும் கீழே காவி. பொங்கலுக்குப் பொங்கல் அடித்த ஆயில் பெயின்ட் கதவின் செதுக்குப் பூக்களைத் தூர்த்திருந்தது. பூவின் மடிப்பு ஒவ்வொன்றிலும் சிறு உளியின் முனையை விட்டு வண்ணத்தைக் கிளப்புகிறார்.

“காஸ்டிக் போட்டா ஒரே நாள்ல முடிஞ்சிரும்மா. ஆனா தேக்கு கறுத்துப் போயிரும். அப்புறம் எந்தப் பாலிஷும் எடுபடாது” என்றார்.

சுரண்டி முடித்ததும் உப்புத்தாள். முதலில் முரடு, பிறகு நைஸ், எப்போதும் ரேகை ஓடும் திசையிலேயே. அடுத்து அரக்குப் பாலிஷ். தகடு தகடாக வரும் அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பஞ்சைத் துணியில் பொதிந்து, அதில் தொட்டுத் தேய்க்கிறார்கள். மெல்லிய பூச்சு, காய விடுவது, மறுபடி மெல்லிய பூச்சு. ஈரக்காற்றில் பூசினால் வெள்ளை பூத்துவிடும் என்பதால் மழை நாளில் இந்த வேலை இல்லை. வேலை இல்லாத நாளுக்குக் கூலியும் இல்லை.

பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். அந்தத் தூசியை வாயில் கட்டிய துண்டோடு இவர்கள் சுவாசிக்கிறார்கள். நல்ல முகக்கவசமும், ஈரம் தொட்டுத் தேய்க்கும் வழக்கமும் பெரிய செலவில்லை. வேலை கொடுப்பவர் செய்தாக வேண்டிய காரியம் இது.

பக்கத்தில் தச்சர் ஒருவர் இன்னொரு கதவின் அடிப்பாகத்தை அறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். மழைத் தண்ணீர் பட்டு இற்றுப்போன பாகம். அங்கே பழைய உத்தரத்திலிருந்து வெட்டிய துண்டை ரேகை பொருந்தச் சேர்த்து, மூங்கில் ஆணி அடிக்கிறார். புது மரம் வைத்தால் நிறமும் ஒத்துவராது, பச்சை காய்கையில் இடைவெளியும் விழும் என்றார். கதவின் நடுவில் இருந்த ஒரு துளையை மட்டும் அவர் தொடவில்லை. ஏன் என்று கேட்டேன்.

“அது கொண்டி இருந்த எடம்மா. அடைச்சுட்டா, இது ஒரு வீட்டுக்குக் கதவா இருந்துச்சுன்னு யாருக்குத் தெரியும்?”

இந்தத் தொழிலின் நெறி அந்தப் பதிலில் இருப்பதாக நினைக்கிறேன். பழுதை நீக்கலாம், வயசை நீக்கக் கூடாது. எது பழுது, எது வயசு என்று பிரித்துப் பார்க்கத் தெரிந்தவர்தான் கைவினைஞர்.

தெருக்கோடியில் ஓர் அக்கா சாய்வு நாற்காலிக்குப் பிரம்பு பின்னினார். நெடுக்கே, குறுக்கே, பிறகு மூலைக்கு மூலை. தண்ணீரில் ஊறிய பிரம்பு காயும்போது தானே இறுகிக்கொள்ளும். “பிளாஸ்டிக் ஒயர் போதும்னு சொல்றவங்கதான் ஜாஸ்தி. வெயில் காலத்துல உக்காந்து பாத்தா பிரம்போட அருமை தெரியும்” என்றார். கடையில் அந்த நாற்காலியைப் புகழ்ந்து வாங்கப்போகிறவர் அக்காவைப் பார்க்கப்போவதில்லை. விலைச்சீட்டில் நாற்காலியின் வயது இருக்கும். அவருடைய உழைப்பு இருக்காது.

இப்படித் தேறிவரும் பொருட்கள் அழகாகவே புது வீடுகளில் குடியேறுகின்றன. கதவு கண்ணாடி போர்த்திச் சாப்பாட்டு மேசையாகிறது. ஜன்னல் சட்டத்துக்குள் நிலைக்கண்ணாடி அமர்கிறது. எனாமல் தூக்கில் செடி வளர்கிறது. பூச்சு உதிர்ந்த எனாமலில் உணவு வைக்காமல் இருப்பதே நல்லது. பழைய பொருளோடு நம் கைவண்ணம் ஒன்றையும் சேர்ப்பது புதிய மோகம் அல்ல. ரவிவர்மா படங்களுக்குச் சரிகையும் மணியும் வைத்துத் தைத்துச் சேலை உடுத்திவிட்ட பெண்கள் இந்த ஊர்களில் இருந்தார்கள். எல்லோர் வீட்டிலும் தொங்கிய அச்சுப் படத்தை அந்தத் தையல் அவர்கள் வீட்டுப் படமாக்கியது.

எதை வாங்குவது என்பதில் எனக்கு ஒரு கருத்து உண்டு. நாற்காலி, பெட்டி, தட்டு, தூக்கு எல்லாம் கைமாறுவதற்கென்றே இருப்பவை, மகிழ்ந்து வாங்கலாம். தூணும் நிலையும் அப்படியல்ல. ஒவ்வொரு தூணுக்குப் பின்னாலும் ஒரு கூரை இறங்கியிருக்கிறது. பிரித்த வீட்டையும் காக்க முடியும் என்பதற்கு, சென்னை அருகே முட்டுக்காட்டில் 1996இல் திறக்கப்பட்ட தட்சிணசித்திரா அருங்காட்சியகத்தில் மறுபடி எழுப்பப்பட்ட செட்டிநாட்டு வீடு சான்று. எல்லா வீட்டுக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. ஆகவே தூண் வாங்குகிறவர் அது எந்த ஊர், என்ன வீடு என்று கேட்டு எழுதி வைத்துக்கொள்ளட்டும். கோயில் சிலை என்று யாராவது காட்டினால் விலகி வந்துவிடுங்கள். 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டப்படி, நூறாண்டு கடந்த கலைப்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது.

கடைக்குப் போகுமுன் உங்கள் வீட்டுப் பரணில் ஏறிப் பாருங்கள். கால் ஆடும் முக்காலியோ, பின்னல் அறுந்த நாற்காலியோ, பாட்டியின் டிரங்குப் பெட்டியோ அங்கே இருக்கும். உங்கள் ஊரில் இன்னும் ஒரு தச்சரோ, பிரம்பு பின்னுகிறவரோ இருப்பார். அவரைத் தேடிக் கண்டுபிடியுங்கள். பேரம் பேசாமல் கூலி கொடுங்கள். பொருளைப் பார்த்து வியக்கும் விருந்தாளியிடம் அதைச் சரிசெய்தவரின் பெயரையும் சொல்லுங்கள்.