முருங்கைக்குத் தெற்கே

உயர்தர உயிரியலில் நுண்ணுயிரியல் என்று ஓர் அலகு இருக்கிறது. அதில் கழிவுநீர் சுத்திகரிப்புக் கேள்விக்குப் படம் கீறி, அம்புக்குறி போட்டு, முழுப் புள்ளியும் வாங்கியவள் நான். அந்த விடைத்தாள் கையில் கிடைத்த அதே வாரம், எங்கள் வீட்டு வாசலில் நின்ற ஒருவர், "ஒங்கட கக்கூஸ் குழி எங்க இரிக்கி மகள்?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. பதினேழு வருடம் அந்த வீட்டிலேயே வளர்ந்திருக்கிறேன்.

கல்லூரிச் சஞ்சிகையில் இந்தச் சொல்லை எழுதலாமா என்று யோசித்தேன். மலசலகூடக் குழி என்று எழுதினால் கௌரவமாக இருக்கும். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அப்படிச் சொல்வதில்லை. உண்மையில், எந்தப் பெயராலும் நாங்கள் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

டிசம்பர் மாரி. மூன்று நாளாக மழை விடவில்லை. சுபஹுக்கு எழும்பிய ராத்தா கொமட்டில் தண்ணீர் அடித்ததும் பக்கத்தில் குளிக்கிற இடத்தின் வடிகுழாய் 'களக் களக்' என்று சத்தம் போட்டது. மத்தியானத்துக்குள் கொமட்டில் தண்ணீர் விளிம்புவரை ஏறி நின்றது. அஸருக்குப் பிறகு குளிக்கிற இடத்துத் தரையிலிருந்தே கறுப்பாக ஏதோ மேலே வந்தது. உம்மா கதவைச் சாத்திவிட்டு முதலில் சொன்ன வார்த்தை, "ஒருத்தரிட்டயும் சொல்லிராதீங்க."

காரணம் இருந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை ராத்தாவைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வருவதாக இருந்தது. எங்கள் காத்தான்குடியில் வீடு பெண்ணுக்குத்தான். வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பதோடு வீட்டையும் பார்ப்பார்கள். தரையைப் பார்ப்பார்கள், குசினியைப் பார்ப்பார்கள், யாராவது ஒரு மாமி "முகம் கழுவணும்" என்று சொல்லிக்கொண்டு குளியலறைக்கும் போவார். ராத்தாவுக்காக மேல்மாடியில் இரண்டு அறை கட்ட வாப்பா சீமெந்து மூட்டைகளை வாங்கி அடுக்கி வைத்திருந்தார்.

ஆகவே ரகசியமாக வைத்தியம் தொடங்கியது. முதல் நாள் கொதிதண்ணீர். பிறகு நீண்ட கமுகஞ்சிலாகையால் தம்பி குத்தினான். அன்றிரவு உம்மா வெண்மையாக்கும் குளோரின் திரவம் ஒரு போத்தலை முழுதாக ஊற்றினா. அடுத்த நாள் தம்பி ஹார்ட்வெயார் கடையில் அமிலம் வாங்கி வந்து அதன்மேல் ஊற்ற, மூக்கையும் தொண்டையையும் பிய்த்துக்கொண்டு ஒரு புகை கிளம்பியது. உம்மா இருமி இருமி வளவுக்கு ஓடி வந்தா. அமிலமும் வெண்மையாக்கியும் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். அந்தச் சமன்பாட்டை நான் இரசாயனவியல் கொப்பியில் எழுதியிருக்கிறேன். வீட்டுக்குள் அது நடக்கும்போது வாசலில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

அந்த மூன்று நாளும் இருட்டிய பிறகு குடையைப் பிடித்துக்கொண்டு இரண்டு ஒழுங்கை தள்ளியிருக்கும் மூத்தம்மாவின் வீட்டுக்கு நானும் ராத்தாவும் போய் வந்தோம். பகலில் நாங்கள் தண்ணீர் குடிக்கவில்லை. தம்பிக்கும் வாப்பாவுக்கும் பள்ளிவாசல் இருந்தது. இதைக் குறையாகச் சொல்லவில்லை, ஆனால் நடந்தது அதுதான்.

நான்காம் நாள் வாப்பா பொறுக்க மாட்டாமல் ஒரு பிளம்பர் காக்காவைக் கூட்டி வந்தார். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். கையில் ஒரு பையும் சுருட்டிய கம்பியும். அவர் உள்ளே வந்து எதையும் தொடவில்லை, கேள்விதான் கேட்டார்.

"ஒரு இடத்துல மட்டும் நிக்கிதா, எல்லா இடத்துலயுமா?"

"எல்லாத்துலயும்."

"அப்ப கொமட்டுல பிழையில்ல. எல்லாம் சேர்ற இடத்துலயோ குழியிலயோதான் பிழை. இதுக்க என்ன ஊத்தினாலும் காசுதான் நட்டம். மழைக்கு முன்னயும் சத்தம் கேட்டதா?"

ராத்தா மெதுவாக, "ரெண்டு மூணு மாசமாக் கேட்டது" என்றா. அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டிருந்தது. குழாயில் காற்றுக்கு வழியில்லாமல் தண்ணீர் முக்குகிற சத்தம் அது என்று அவர் சொன்னபோதுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.

பிறகுதான் குழி எங்கே என்ற கேள்வி. வீடு 2006இல், சுனாமிக்குப் பிறகு கட்டியது. அதன்பின் பின்பக்கம் குசினியை நீட்டி, வளவுக்குச் சீமெந்து போட்டு, ஒரு பகுதிக்கு மாபிளும் பதித்தாயிற்று. வாப்பா ஓர் இடத்தைக் காட்டினார், உம்மா வேறோர் இடத்தை. கடைசியில் மூத்தம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தோம். அவ ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. "முருங்கைக்குத் தெக்கால, நாலு எட்டுல."

அந்த முருங்கையை வெட்டி ஏழு வருடம். அடிக்கட்டை இருந்த இடம் எனக்கு நினைவிருந்தது. அங்கிருந்து நான்கு எட்டு வைத்தால் சரியாக உம்மாவின் துணி துவைக்கும் கல்லுக்குக் கீழே வந்தது.

முதலில் எல்லாக் குழாயும் சேரும் சிறிய பெட்டியை உடைத்துத் திறந்தார். கம்பியை விட்டு இழுத்தபோது தலைமயிர், உறைந்த எண்ணெய்க் கட்டி, தேங்காய்த் தும்பு, அதோடு நான் இங்கே பெயர் சொல்லாமல் விடுகிற ஒரு பொருளும் வந்தது. ராத்தாவும் நானும் வீட்டுக்குள் ஓடிவிட்டோம். அவர் எங்களைப் பார்க்கவேயில்லை. உம்மாவிடம் மட்டும் தணிந்த குரலில், "பிள்ளைகளுக்கு ஒரு மூடி போட்ட வாளி வாங்கிக் குடுங்க தங்கச்சி. அவங்கள ஏசாதீங்க, ஆரும் சொல்லிக் குடுக்கல்லதானே" என்றாராம். உம்மா ஏசவில்லை. அன்றே வாளி வந்தது.

அடைப்பு எடுத்தும் தண்ணீர் இறங்கவில்லை. குழியே நிரம்பி நின்றது. மூடியைப் பெயர்த்ததும் தம்பி எட்டிப் பார்க்கக் குனிந்தான். பிளம்பர் காக்கா அவனைச் சட்டைக் கொலரில் பிடித்து இழுத்தார். அதுவரை அவர் குரலை உயர்த்தவில்லை. "இதுக்குள்ள தலைய நீட்டப்படாது. விழுந்தவனத் தூக்க இறங்கினவனும் சேர்ந்து மௌத்தாகின எடங்கள் இரிக்கி." அழுகிய முட்டை போல் மணக்கும் ஐதரசன் சல்பைட்டு அதிகமானால் மூக்கு மரத்துவிடும்; மணம் போய்விட்டது என்று நினைக்கிற நேரம்தான் ஆபத்து கூடிய நேரம். மெதேன் வேறு, தீப்பற்றக் கூடியது. நெருப்புக் குச்சி, சிகரெட் எதுவும் வேண்டாம் என்று எல்லோரையும் தள்ளி நிறுத்திவிட்டு, கலி பவுசர் வரட்டும் என்றார்.

மாரியில் எல்லோருக்கும் பவுசர் வேண்டும். ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல், நடுவில் மணல்மேல் 40,000 பேரளவில் வாழும் ஊர். மழைக்கு நிலத்தடி நீர் ஏறினால் எல்லா வீட்டுக் குழியும் ஒரே நேரத்தில் நிரம்பும். இரண்டு நாள் காத்திருந்தோம். அதற்குள் தம்பியின் கூட்டாளி ஒருவன் வழி சொன்னான். இரவோடு இரவாக ஓர் எஸ்லோன் பைப்பைத் தெரு வடிகானுக்கு விட்டால் யாருக்குத் தெரியும்? வாப்பா அவனைப் போகச் சொல்லிவிட்டார். ஆனால் உடனே சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுத்தான் சொன்னார்.

பவுசர் வந்த போது எங்கள் ஒழுங்கைக்குள் நுழையவில்லை. குழாயை இழுக்கக் கிட்டிய வழி, பின்பக்கத்து மாமியின் வளவுதான். அவங்களோடு நாங்கள் இரண்டு வருடமாகக் கதைப்பதில்லை.

அந்தச் சண்டை எதனால் வந்தது என்பதை இப்போது எழுத வேண்டியிருக்கிறது. ஒரு மாலை நேரம் மாமி பின்கேட்டால் வந்து, "கிணத்துத் தண்ணி ஒரு மாதிரி மணக்குதுகா. ஒங்கட குழிய ஒருக்காப் பாருங்களன். வுழூ எடுக்க மனம் ஒப்புதில்ல" என்று சொன்னா. உம்மாவுக்கு முகம் சிவந்துவிட்டது. "எங்கட வீட்டு அசிங்கம்தான் ஒங்கட கிணத்துக்க வருதோ?" என்று கேட்டா. மறுநாள் பின்கேட்டுக்குப் பூட்டுப் போட்டாயிற்று. அன்று உம்மா சொன்னது சரி என்றுதான் நானும் நினைத்தேன்.

இப்போது அந்தப் பூட்டின் திறப்பைத் தேடிக் கண்டுபிடிக்கவே நேரம் எடுத்தது. உம்மாவோடு நானும் போனேன். உம்மா சொல்லி முடிக்க முன்பே மாமி, "பூச்சட்டிய அரக்கி வெக்கன், பைப்ப இழுக்கச் சொல்லுங்க" என்றா. வேறொன்றும் சொல்லவில்லை.

பவுசர் உறிஞ்சி முடித்ததும் பிளம்பர் காக்கா ஒரு நீண்ட கம்பியைக் குழிக்குள் விட்டார். கொங்கிறீட்டில் தட்டுப்படவில்லை; நேரே மணலுக்குள் இறங்கியது. வளையங்கள் மட்டும்தான், அடித்தட்டு இல்லை. வாப்பா நிலத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "அடி போட்டா கெதியா நிரம்பிரும் எண்டு அப்ப எல்லாரும் சொன்னாங்க."

நிரம்பவில்லைதான். பதினெட்டு வருடம் ஒருமுறைகூட பவுசர் கூப்பிடாமல் இருந்ததை வாப்பா பெருமையாகச் சொன்னதை நான் கேட்டிருக்கிறேன். அது எங்கே போனது என்று யாரும் கேட்கவில்லை. குழிக்குக் கீழே காய்ந்த மணல் நாலைந்து அடி இருந்தால் அது ஓரளவு வடிகட்டும். "மாரியில குழியே தண்ணிக்குள்ள நிக்கிது. பிறகு எது வடிகட்டுற?" என்றார் பிளம்பர் காக்கா.

அளவு நாடாவை எடுத்தோம். ஒரு முனையை நான் குழியில் பிடித்தேன். மறுமுனையை உம்மா பிடித்துக்கொண்டு கேட்டைத் தாண்டி மாமியின் கிணற்றடிக்குப் போனா. 17 அடி. கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடியாவது வேண்டும் என்று பொதுச் சுகாதாரப் பரிசோதகர்கள் சொல்வார்கள்.

உம்மா நாடாவை விடாமல் அங்கேயே நின்றா. பிறகு, "அண்டைக்கு நான் அப்பிடிக் கதைச்சிருக்கப்படாது" என்றா.

மாமி உடனே பதில் சொல்லவில்லை. "எங்களுக்குக் குழாய்த் தண்ணி இரிக்கி. எங்கட மாமிதான், மௌத்தாகும் வரைக்கும் கிணத்துத் தண்ணியிலதான் வுழூ எடுத்தா. எவ்வளவு சொன்னாலும் கேக்கல்ல" என்றா. குற்றம் சொல்கிற குரலில் இல்லை. அதனால் எங்களுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வாப்பா பள்ளிவாசலில் மௌலவியிடம் இதைக் கேட்டார். நிறம், மணம், சுவை என்று அவர் விளக்கிவிட்டு, தெரியாமல் தொழுததை நினைத்து மனதை அலட்ட வேண்டாம் என்றாராம். வாப்பா நிம்மதியோடு வந்து சொன்னார். எனக்கு அது நிம்மதியாகப் படவில்லை. அந்த மூத்தம்மா தெரியாமல் தொழுதா. எங்களிடம் ஒருவர் வந்து சொல்லியிருந்தார்.

புதுத் தொட்டி எங்கே வைப்பது என்று வந்தபோது நான் வரைபுத்தாளில் எங்கள் எட்டுப் பேர்ச் காணியைக் கீறினேன். எங்கள் கிணறு, மாமியின் கிணறு, வடக்கு வீட்டுக் கிணறு மூன்றையும் குறித்து, கவராயத்தால் 50 அடி அளவில் வட்டம் போட்டேன். காணியில் ஓர் அங்குலம்கூட மிஞ்சவில்லை. ஒரு தாயின் வளவை மூன்று மகள்மாருக்குப் பிரித்து, அதை அவர்களின் மகள்மாருக்கும் பிரித்தால் இப்படித்தான் வரும். உம்மாவிடம் காட்டினேன். "அப்ப நாங்க எல்லாரும் எங்க போற?" என்றா. அந்தக் கேள்விக்கு என் கொப்பியில் விடை இல்லை.

செய்யக்கூடியதைச் செய்தோம். வாசல் பக்கம், தெருவோரமாக, அடியும் சுவரும் பூசி இறுக்கிய இரண்டு அறைத் தொட்டி. முதல் அறையில் கனமானது அடியில் படியும், எண்ணெய் மிதக்கும். நடுவிலுள்ள தண்ணீர் மட்டும் இரண்டாம் அறைக்குப் போகும். அங்கிருந்து வருவதும் சுத்தமான தண்ணீர் அல்ல. அதற்காக நில மட்டத்துக்கு மேலே உயர்த்திய கல்லும் மணலும் கொண்ட படுக்கை ஒன்று. அது மாமியின் கிணற்றுக்கு 44 அடி. பழைய குழிக்குச் சுண்ணாம்பு போட்டு, மண் நிரப்பி மூடினோம். மூன்று நான்கு வருடத்துக்கு ஒருமுறை பவுசர் கூப்பிட வேண்டும். மேல்மாடிக்கு வைத்திருந்த சீமெந்தில் பாதிக்கு மேல் இதற்குள் போய்விட்டது. ராத்தா அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. உம்மா மட்டும் மூட்டைகள் குறைவதை எண்ணிக்கொண்டிருந்தா.

மாப்பிள்ளை வீட்டாருக்கு வாப்பா உள்ளதைச் சொல்லித்தான் நாளைத் தள்ளிப் போட்டார். உம்மாவுக்கு அன்றிரவு நித்திரையே இல்லை. அவர்கள் ஜனவரியில் வந்தார்கள். மாப்பிள்ளையின் உம்மா உட்கார்ந்ததும் முதலில் கேட்டது, "அந்தப் பவுசர்ர நம்பர் இரிக்கா? எங்கட வீட்டுலயும் மாரியில இதே கததான்."

பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்து இரண்டு கிணற்றிலும் மாதிரி எடுத்துப் போனார். இரண்டிலும் கோலிபோர்ம் பற்றீரியா இருப்பதாக முடிவு வந்தது. கிணறுகளை இறைத்து, குளோரின் போட்டோம். அடுத்த மாரி முடிந்ததும் திரும்பப் பரிசோதிக்க வேண்டும். மாமி இன்னும் குழாய்த் தண்ணீரில்தான் வுழூ எடுக்கிறா.

நான் அந்த வரைபுத்தாளைத் திருத்தி, புதுத் தொட்டி, மூடிகள், குழாய் போகும் பாதை, ஆழம் எல்லாம் அடியில் குறித்து, மின்மானிப் பெட்டிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டினேன். "கக்கூஸ் குழியப் படம் கீறி ஒட்டுற பிள்ளைய இப்பதான் காணுறன்" என்று உம்மா முணுமுணுத்தா. பழைய முருங்கை நின்ற இடத்தையும் அதில் ஒரு புள்ளியால் காட்டியிருக்கிறேன்.

போன கிழமை மாமி பின்கேட்டால் வந்து அந்தப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றா. போகும்போது திரும்பி, "மனே, அந்த நாடாவ எடுத்துக்கிட்டு ஒரு நாளைக்கு எங்கட வீட்டுக்கு வா. எங்கட குழி எங்க இரிக்கி எண்டு எங்களுக்கும் தெரியா" என்றா.