ரங்கூன் வீட்டு அன்னாசிப் பாகு

பர்மிய நூடுல்ஸான அத்தோவைக் கேள்விப்படாத சென்னைக்காரர் குறைவு. பர்மாவிலிருந்து வந்த தமிழர்கள் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே போட்ட வண்டிக்கடைகளால் ரங்கூனின் காரம் ஊரறிந்த ருசியாகிவிட்டது. அந்த ஊரின் இனிப்பைத்தான் யாரும் கேட்பதில்லை.

ரங்கூனில் நாங்கள் குடியிருந்தது அனவ்ரத்தா சாலைக் காளி கோயிலுக்குப் பக்கத்தில். பெரியவர்கள் அந்தச் சாலையைப் பிரேசர் தெரு என்றே கடைசிவரை சொன்னார்கள். 1871-இல் தமிழர்கள் எழுப்பிய கோயில் அது. அங்கிருந்து சூரத்தி பஜாருக்குப் பொடிநடையாகவே போய்விடலாம். கருப்பட்டி அங்கேதான் வாங்குவோம். பகான் பக்கத்துப் பனங்காடுகளிலிருந்து வரும் சரக்கு. நம்மூர்க் கருப்பட்டி மாதிரி கறுத்திருக்காது. இளம் பழுப்பில் சின்னச் சின்ன உருண்டைகள். பர்மியர்கள் சாப்பிட்டு முடித்ததும் பச்சைத் தேநீரோடு அதைக் கடித்துக்கொள்வார்கள்.

மழை தொடங்கும் சமயம் பஜாரில் அன்னாசி குவியும். அப்பத்தா பாகு காய்ச்ச உட்காருவாள். தோலைக் கனமாகச் சீவி, கண்களைச் சாய்வாகக் கீறி எடுத்து, பழத்தைத் துருவித் துணியில் பிழிவாள். ஒரு பழத்துக்குக் கால் வீசை கருப்பட்டி. அதைக் கொஞ்சம் தண்ணீரில் கொதிக்கவிட்டு, மண் போக வடிகட்டி, சாற்றோடு சேர்த்துக் கரியடுப்பில் ஏற்றுவாள். ஒரு துண்டு பட்டை, இரண்டு கிராம்பு. நுரையை மட்டும் கரண்டியால் ஒதுக்குவாள். நான் கரண்டியை எடுத்தால், “கிண்டாத ஆத்தா, அது தானா வரும்” என்பாள். விரலில் பிசுபிசுக்க வேண்டும், கம்பி இழுக்கக் கூடாது. ஆறும்போது இன்னும் இறுகும் அல்லவா? கம்பிப் பதத்துக்கு முன்பே இறக்கிவிடுவாள். பாகு கட்டிதட்டிப் பூக்காமல் காத்தது பழத்தின் புளிப்பு. கொதிக்கும்போது அந்தப் புளிப்பு சர்க்கரையைப் பிளந்துவிடும், பிறகு அது எளிதில் மணலாகத் திரும்பாது. பச்சை அன்னாசியைப் பாலில் விட்டால் கசந்துபோகும், காய்ச்சிய சாறு கசக்காது. அதனால் ஆப்பத்துக்குப் பாலும் பாகும் சேர்த்தே ஊற்றிக்கொள்வோம்.

சில காலைகளில் ஆப்பம் கிடையாது. அப்பா தெருமுனையிலிருந்து பெயின்மோன் வாங்கிவருவார். அரிசிமாவில் வெல்லம் கலந்து, தேங்காய்ச் சில்லும் கசகசாவும் தூவி, அடியில் தணல், மூடிமேலும் தணல் வைத்துச் சுடும் பர்மியப் பலகாரம். அதன்மேல் எங்கள் பாகை விட்டுச் சாப்பிட்ட ருசிக்கு ஈடாக இன்றுவரை நான் ஒன்றையும் கண்டதில்லை. பர்மியர் சுட்டது, செட்டிநாட்டுச் சீமைக்காரி காய்ச்சியது, இரண்டும் ஒரே தட்டில். ரங்கூன் என்றால் எனக்கு அதுதான்.

1964 மார்ச்சில் கடைகள் அரசுடைமையாயின. மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாமல் போயின. அப்பாவின் மளிகைக்கடையும் போனது, சேமிப்பும் போனது. கப்பலேறிச் சென்னை வந்தோம், வியாசர்பாடியில் குடியேறினோம்.

இங்கும் அப்பத்தா பாகு காய்ச்சினாள். கால் வீசைக்கு மேல் ஒரு கைப்பிடி கருப்பட்டி கூட்டிப் போடுவாள். பர்மா வீசை ஏறத்தாழ 1.63 கிலோ, சென்னை வீசை 1.4 கிலோதான். படிக்காத அந்த மனுஷி எடையின் வித்தியாசத்தை நாக்கால் கண்டுபிடித்திருந்தாள். இதை நினைத்தால் எனக்கு இப்போதும் பெருமை பொங்குகிறது.

அத்தோ விற்பனைக்கு வந்ததால் பிழைத்தது. பாகை யாரும் விற்கவில்லை. வீட்டுக்குள் காய்ச்சி வீட்டுக்குள் தீர்ந்தது, காய்ச்சியவர்களோடு போய்க்கொண்டிருக்கிறது. உங்கள் வீட்டில் பர்மாவிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் இருந்தால், காலையில் என்ன இனிப்புச் சாப்பிட்டார்கள் என்று இந்த வாரமே கேளுங்கள். அளவோடு கேட்டு எழுதி வையுங்கள்.