சார் வண்டி திரும்ப வந்துவிட்டது

பொங்கலுக்குப் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு நாற்பது பேருக்கு மேல் கேட்டுவிட்டீர்கள். "சார், இது அந்தப் பழைய புல்லட்டா? வித்துட்டீங்கன்னு நினைச்சோம்" என்று. விற்கவில்லை. ஆனால் நடுவில் மூன்று வருடம் அது என் வண்டியாக இல்லை. கதை கொஞ்சம் நீளம். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

1986 மாடல் என்ஃபீல்டு புல்லட், 346 சி.சி. 1993-ல் பரங்கிமலையில் ஓய்வு பெற்ற ராணுவக்காரர் ஒருவரிடம் வாங்கினேன். கூட்டுறவுச் சங்கக் கடன். இடைநிலை ஆசிரியருக்குப் புல்லட் எதற்கு என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. என் மாமனார் மட்டும் கேட்கவில்லை. வண்டியை இரண்டு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "திருவொற்றியூர் சரக்கு, சீக்கிரம் சாகாது" என்றார். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்துக் கம்பெனியும் சேர்ந்து இங்கே தொடங்கியது. அங்கே தாய்க் கம்பெனி மூடிப்போன பிறகும் இங்கே வண்டி வந்துகொண்டே இருந்தது. 1977-ல் இங்கிருந்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி செய்தார்கள். சமூக அறிவியல் பாடத்தில் இதை நான் சொல்லாத வருடம் இல்லை. நினைவிருக்கிறவர்கள் கை தூக்குங்கள்.

வலது காலில் கியர், இடது காலில் பிரேக். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. பள்ளிக்கூடத் தெருமுனையில் சத்தம் கேட்டதும் வகுப்பு அமைதியாகிவிடும் என்று நீங்கள் இப்போது சொல்கிறீர்கள். அப்போது எனக்கு அது தெரியாது. என் வகுப்புப் பிள்ளைகள் இயல்பிலேயே ஒழுக்கமானவர்கள் என்று இருபது வருடம் நம்பிக்கொண்டிருந்தேன்.

2019-ல் அவள் போனாள். அதன் பிறகு நான் வண்டியைத் தொடவில்லை. லஸ்ஸுக்குப் போவதென்றாலும் நடந்தே போவேன். மாடிப்படிக்குக் கீழே சாக்கு போட்டு மூடி வைத்தது அப்படியே கிடந்தது. 2021-ல் பதிவு புதுப்பிக்க வேண்டிய நேரத்தில் என் மகன்தான் அதை இழுத்துக்கொண்டு போய் வேலையை முடித்து வந்தான். அதற்கு அடுத்த வருடம், நான் ஒன்றரை மாதம் என் தங்கை வீட்டில் கும்பகோணத்தில் இருந்தபோது, "அப்பா, வண்டிய ரெடி பண்றேன்" என்று போனில் சொன்னான். சரிடா என்றேன். ரெடி என்றால் ஆயில் மாற்றுவது, பேட்டரி போடுவது என்று நினைத்தேன்.

திரும்பி வந்து பார்த்தால் வாசலில் வேறு யாருடைய வண்டியோ நிற்கிறது. டேங்க் பளபளப்பே இல்லாத கரி நிறம். பின் மட்கார்டை ரம்பத்தால் பாதியாக அறுத்திருக்கிறது. பின்னால் தடி டயர். சீட் என்று ஒரு தோசைக்கல் அளவுக்கு. ஹேண்டில் பார் நேர்க் குச்சி. ஏர் ஃபில்டர் பெட்டியே இல்லை, அந்த இடத்தில் வெங்காயம் மாதிரி ஏதோ ஒன்று. சைலன்சர் என் முழங்கை நீளம்கூட இல்லை. உள்ளே சத்தத்தை அடக்குகிற பஃபிளையும் உருவிவிட்டான். ஸ்டார்ட் பண்ணிக் காட்டினான் பாருங்கள், எதிர் வீட்டு மாமி கொடியிலிருந்து துணியை எடுக்க வந்தவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "சாரி கார்டு எங்கடா?"

"காயலான் கடையில போட்டுட்டேன்ப்பா. அதெல்லாம் இப்ப யாரு வெக்கறா."

இருபத்தைந்து வருடம் அவள் ஒருபக்கமாக உட்கார்ந்து வந்த இடம் அது. அதற்குக் கீழே இருந்த தட்டில்தான் கால் வைத்துக்கொள்வாள். வருடா வருடம் அறுபத்து மூவர் கூட்டத்தில் வண்டியை உருட்டிக்கொண்டு வரும்போதும் இறங்க மாட்டாள். எடை போட்டு எவ்வளவு கொடுத்தான் என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. அன்றிலிருந்து வீட்டில் பேச்சு குறைந்துபோனது. சாப்பாடு, மருந்து, கரண்ட் பில், அவ்வளவுதான். இதை எழுத எனக்குக் கூச்சமாகத்தான் இருக்கிறது. வகுப்பில் இரண்டு பேர் சண்டை போட்டால் கையைக் கோத்து மன்னிப்புக் கேட்க வைத்தவன் நான்.

போன ஆண்டு கடற்கரைச் சாலையில் அவனைப் போலீஸ் நிறுத்தி அபராதம் போட்டார்கள். எனக்கு உள்ளூர ஒரு அற்ப சந்தோஷம். சட்டத்தை எடுத்துப் படித்தேன், வாத்தியார் புத்தி. மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதையே உறுதி செய்தது. அதே ஆண்டுத் திருத்தத்தில், ஒவ்வொரு மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ என்று வந்தது. உரிமையாளர் யார்? ஆர்.சி.யில் இருப்பது என் பெயர். எட்டு மாற்றம் இருக்கிறது என்று எண்ணி, நாற்பதாயிரம் என்று பேப்பரில் எழுதி, சாப்பாட்டு மேசையில் அவன் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். சட்டத்தைவிட முக்கியமாக, 2026 ஜனவரியில் பதிவு மறுபடி முடிகிறது. இந்தக் கோலத்தில் ஆய்வுக்குக் கொண்டுபோக முடியாது.

அன்றைக்குத்தான் அவன் பேசினான். "அப்பா, அம்மா போனதுக்கப்புறம் நீங்க அந்தச் சாக்கைக்கூட எடுக்கல. இன்ஜின் ஜாம் ஆகிக் கிடந்தது. நான் கை வெக்கலைன்னா மொத்த வண்டியும் அதே காயலான் கடைக்குத்தான் போயிருக்கும். எனக்குப் பிடிச்ச மாதிரி பண்ணேன், தப்புதான். ஆனா ஓட வெச்சது நான்."

எனக்குப் பதில் வரவில்லை. கேள்வித்தாளில் இல்லாத கேள்வி.

மெக்கானிக் என் பழைய மாணவன். பெயர் போட வேண்டாம் என்றான். 1998 செட்டுக்குச் சொல்லாமலே தெரிந்துவிடும். வண்டியைப் பார்த்ததும் முதலில் குனிந்து ஃபிரேமைத்தான் தடவினான். "ஃபிரேம்ல கட்டிங் இல்ல சார். தப்பிச்சோம். நட்டு போல்ட்டுல மாட்டினதை எல்லாம் மாத்திடலாம்." அடுத்து ஒரு கேள்வி கேட்டான். "ஸ்டாக்குன்னா எந்த ஸ்டாக் சார்? கம்பெனியில வந்த மாதிரியா, நீங்க ஓட்டின மாதிரியா?"

இரண்டும் ஒன்றுதானே என்றேன். சிரித்தான். என்னுடைய ஸ்பிரிங் வைத்த தனித்தனி சீட் கம்பெனி கொடுத்தது இல்லையாம், முன்பு வைத்திருந்த ராணுவக்காரர் போட்டதாம். கம்பெனி கொடுத்தது ஒரே நீளச் சீட். முன்னால் இருந்த கேரியர், பெரிய ஹாரன், பெரியவனுக்காக டேங்க் மேல் நான் வெல்டிங் பண்ணிப் போட்ட குட்டிச் சீட், எல்லாமே என் கைவரிசை. டேங்கை உப்புத்தாளால் தேய்த்தபோது, மகனின் கரி நிறத்துக்குக் கீழே என் கருப்பு, அதற்கும் கீழே பச்சை! முப்பத்திரண்டு வருடமாக நான் ஒரிஜினல் என்று நினைத்துக்கொண்டிருந்த வண்டியே ஏற்கெனவே மாற்றிய வண்டி. மகன் பக்கத்தில்தான் நின்றான். ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூடத் தேவலாம்.

ஆர்.சி.யில் கருப்பு என்றிருந்ததால் கருப்பே என்று முடிவானது. சாமான்களுக்கு நானும் அவனும் புதுப்பேட்டைக்குப் போனோம், நாலு சனிக்கிழமை. கூவம் ஓரம் அந்தச் சந்துகளில் டூவீலர் சாமான் குவிந்து கிடப்பதைப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும். மட்கார்டை விரலால் சுண்டிப் பார்க்கச் சொல்லியிருந்தான் மெக்கானிக். பழைய கம்பெனித் தகடு கனமாக 'தொம்' என்று சொல்லும், புதிதாக அடித்து வருவது தகர டப்பா மாதிரி இருக்கும் என்று. நாங்கள் இருவரும் கடை கடையாகச் சுண்டியதைப் பார்த்து ஒரு கடைக்காரர், "தேங்காய் வாங்க வந்தீங்களா சார்?" என்றார். என் மகன் என்னைப் பார்த்துச் சிரித்தான். மூன்று வருடத்தில் முதல் தடவை.

மட்கார்டு கிடைத்தது. 19 அங்குல ரிம், 3.25 டயர், ஹேண்டில் பார், ஏர் ஃபில்டர் பெட்டி கிடைத்தன. நீளச் சைலன்சர் ஜி.பி. ரோட்டில் புதிதாகவே வாங்கினோம்.

இங்கே நான் ஒரு தப்பு செய்தேன். அவசரத்தில் சைலன்சரையும் ஃபில்டர் பெட்டியையும் முதலில் மாட்டச் சொன்னேன். சத்தம் அடங்கியது, ஆனால் வண்டி இருமியது. பெட்ரோல் நாற்றம். பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி. மெக்கானிக் எனக்கே பாடம் எடுத்தான். "சார், ஓபன் ஃபில்டரும் ஷார்ட் சைலன்சரும் போட்டா காத்து அதிகமா போகும். அதுக்கு ஏத்த மாதிரி பெட்ரோலும் அதிகமா போகணும்னு தம்பி கார்புரேட்டர்ல பெரிய ஜெட் போட்டிருக்கு. இப்ப காத்தைக் குறைச்சிட்டீங்க, பெட்ரோலைக் குறைக்கல." சரியாகத்தான் செய்திருந்தான் என் மகன். பெரிய ஜெட் போடாமல் விட்டிருந்தால் பெட்ரோல் போதாமல் இன்ஜின் சூடேறி, பிஸ்டன் போயிருக்கும். பிளக் வெள்ளையாக இருந்தால் பெட்ரோல் குறைவு, கருப்பென்றால் அதிகம், காப்பிப்பொடி நிறம் வந்தால் சரி. பழைய அளவு ஜெட்டை மாட்டி, ஓட்டி, கழற்றி, மறுபடி மாட்டி, மூன்றாம் நாள்தான் மயிலாப்பூருக்கு ஏற்ற நிறம் வந்தது.

டேங்கின் தங்கக் கோடுகள் தனிக் கதை. கம்பெனியிலேயே தூரிகை பிடித்துக் கையால் போடுகிற கோடு அது. ஸ்டிக்கர் ஒட்டலாம் என்றார்கள், நான் ஒப்பவில்லை. ஃப்ளெக்ஸ் வந்த பிறகு வேலை இல்லாமல் இருக்கிற போர்டு பெயிண்டர் ஒருவரை மந்தைவெளியில் பிடித்தோம். இரண்டு மணி நேரம். மூச்சைப் பிடித்துக்கொண்டு இழுத்தார். இடது பக்கக் கோடு ஓரிடத்தில் மயிரிழை தடிமன். அதைச் சரிசெய்யவா என்றார். வேண்டாம் என்றேன்.

சாரி கார்டு மட்டும் பழையது கிடைக்கவில்லை. மகன் அந்தக் காயலான் கடைக்கு எனக்குத் தெரியாமல் இரண்டு முறை போய்க் கேட்டிருக்கிறான் என்று மெக்கானிக் சொல்லித்தான் தெரியும். உருக்கப்போய் எத்தனையோ நாளாகியிருக்கும். பின்னால் உட்காருபவருக்குப் பிடி, கால் வைக்கும் இடம், சக்கரத்தில் துணி சிக்காமல் தடுப்பு மூன்றும் விதிப்படியே இருக்க வேண்டியவை. அதனால் புதிது ஒன்று வாங்கி மாட்டினோம். பளபளவென்று, யாரும் கால் வைக்காத மாதிரி இருக்கிறது. அப்படித்தானே இருக்கும்.

என்னுடைய ஸ்பிரிங் சீட்டும் கேரியரும் திரும்ப ஏறவில்லை. நீளச் சீட்தான். மகன் செய்த மாற்றத்தில் ஒன்றை மட்டும் நானே விட்டுவைக்கச் சொன்னேன். பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டிருந்தான். மூடிக்குள் இருப்பதால் வெளியே தெரியாது. முன்பெல்லாம் காலையில் பாயிண்டுக்கு உப்புத்தாள் போட்டு, ஆம்ப் மீட்டர் முள் நடுவுக்கு வருகிறதா என்று பார்த்து, டீகம்ப்ரஷன் நெம்புகோலைப் பிடித்து, ஏழெட்டு உதை உதைக்க வேண்டும். இப்போது ஒன்று அல்லது இரண்டு. அறுபத்தைந்து வயது முழங்காலுக்கு இதுதான் நியாயம். ஆக, முழுக்க முழுக்க ஸ்டாக் என்று நான் சொல்லிக்கொள்ள முடியாது.

மொத்தச் செலவு 41,300 ரூபாய். பாதி அவன் போட்டான். ஜனவரி முதல் வாரம் பசுமை வரி கட்டி, ஆய்வு முடிந்து, ஐந்து வருடத்துக்குப் பதிவு கிடைத்தது. அன்று மாலை மாட வீதி சுற்றி, கச்சேரி ரோட்டில் மெட்ரோ வேலைக்காக அடைத்த இடத்தைச் சுற்றிக்கொண்டு, வீட்டுக்கு வந்தோம். நான் ஓட்டினேன், அவன் பின்னால். எதிர் வீட்டு மாமி வாசலில் நின்றிருந்தார். "இப்பதான் உங்க வண்டி மாதிரி இருக்கு" என்றார்.

அந்தக் குட்டைச் சைலன்சரை அவன் தூக்கிப் போடப் போனான். நான்தான் வாங்கி, செய்தித்தாளில் சுற்றி, பரணில் வைத்தேன். ஏன் என்று கேட்டான். இருக்கட்டும்டா என்றேன்.

1998 செட் மாணவர் சந்திப்புக்கு வண்டியில்தான் வருகிறேன். சத்தம் கேட்டால் பேச்சை நிறுத்திக்கொள்ளுங்கள்.