காதுக்கு இதமான ஹெட்போன்

ஓய்வுக்குப் பின் தினமும் மூன்று, நான்கு மணி நேரம் பாட்டுதான். காதுக்குள் செருகும் இயர்போனில் சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனதில், ஒருநாள் இரவு முழுக்கக் காதில் ரீங்காரம். பயந்துவிட்டேன்.

சேலத்தில் கடை வைத்திருக்கும் பழைய மாணவனிடம் போனேன். "விலையப் பாக்காதீங்க சார், அரைமணி நேரம் மாட்டிக்கிட்டு உக்காருங்க" என்றான். காதை முழுக்கச் சுற்றி உட்காரும் துணி மெத்தை, லேசான எடை, வெளிப்பக்கம் திறந்த வகை, அதையே எடுத்தேன்.

1986-இல் வந்த இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்' கேட்டேன். குறைந்த சத்தத்திலேயே ஒவ்வொரு வயலினும் தெளிவு. 80 டெசிபலில் வாரம் 40 மணி நேரம்வரை கேட்கலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டம்மா கூப்பிடுவதும் இப்போது கேட்கிறது!

சத்தத்தைக் கூட்டத் தோன்றினால், அந்த ஹெட்போன் வேண்டாம் பிள்ளைகளே. போன செவி திரும்பாது.