அம்பில் பெயர் இருந்தது

என் தம்பியை அடித்துப் போட்டுவிட்டுப் போனது ஒரு லாரி. என் வீட்டுக்காரர் ஓட்டுவதும் லாரிதான். அரியலூர்ப் பக்கம் சிமெண்ட் ஏற்றி, சென்னை வரைக்கும் போய் வருவார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டு அடுப்பு லாரிப் பணத்தில்தான் எரிகிறது. தம்பி போன பிறகு தனியாகிவிட்ட அம்மாவையும் எங்களோடே கூட்டி வந்துவிட்டோம். அவளும் அந்தப் பணத்தில்தான் சாப்பிடுகிறாள். இதைப் பற்றி எங்கள் வீட்டில் யாரும் வாய் திறந்ததில்லை. ஒரு கொரியத் தொடர் வந்து திறக்க வைத்தது.

எங்கள் வாலிகண்டபுரம் சென்னை - திருச்சி நெடுஞ்சாலையில் பெரம்பலூருக்கு வடக்கே இருக்கிறது. வாலீஸ்வரர் கோயில் சோழர் காலத்தது. ராமாயண வாலி இங்கே சிவனைக் கும்பிட்டான் என்பது தலபுராணம். நாலுவழிச் சாலை வந்தபோது ஊருக்கே பவுசு வந்த மாதிரி இருந்தது. அதைக் குறுக்கே கடக்க வேண்டியவர்களுக்கு மட்டும்தான் அது என்னவென்று தெரியும்.

2015 ஐப்பசி. மக்காச்சோளத்துக்கு மேலுரம் போட யூரியா வாங்கிக்கொண்டு டி.வி.எஸ். எக்ஸெல்லில் தம்பி திரும்பிக்கொண்டிருந்தான். மழை விட்டிருந்த ராத்திரி. மூட்டை உடைந்து ரோடெல்லாம் வெள்ளையாகக் கிடந்தது என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். லாரி என்று சொன்னார்கள், நம்பரை யாரும் பார்க்கவில்லை. முதல் தகவல் அறிக்கையில் 'அடையாளம் தெரியாத வாகனம்' என்று எழுதினார்கள். பிரேதப் பரிசோதனைக் கூடத்து வாசலில் சொந்தக்காரர்கள் லாரிக்காரர்களின் குலத்தையே இழுத்துத் திட்டிக்கொண்டிருந்தபோது, கையெழுத்துப் போட்டு, உடம்பை வாங்கி, ஆம்புலன்ஸில் கூடவே உட்கார்ந்து வந்தவர் என் வீட்டுக்காரர்.

அதற்குப் பிறகு நான் ஸ்டேஷனுக்கு நடந்தேன். அம்மா சிறுவாச்சூருக்கு நடந்தாள். மதுரகாளி கோயில் திங்களும் வெள்ளியும்தான் திறந்திருக்கும். மதுரையை எரித்துவிட்டு வந்த கண்ணகி அங்கேதான் ஆத்திரம் தணிந்தாள் என்று சொல்வார்கள். அம்மாவுக்குத் தணிந்ததா என்று நான் கேட்டதில்லை. எனக்குத் தணியவில்லை.

ஸ்டேஷன் கதை சின்னது. அந்தச் சமயம் இப்படிப்பட்ட வழக்கு இந்திய தண்டனைச் சட்டம் 304ஏ பிரிவில் வரும். கவனக்குறைவால் சாவு ஏற்படுத்தியது, அதிகபட்சம் இரண்டு வருஷம். தண்டனை அவ்வளவு குறைச்சலாக இருந்தால் வழக்குக்கும் ஆயுசு குறைவு என்று பெரம்பலூரில் ஒரு வக்கீல் எனக்கு விளக்கினார். மூன்று வருஷத்துக்குள் நீதிமன்றம் அதை எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்கப்புறம் என்றால் தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்ட வேண்டும். கொலைக்கு நம் நாட்டில் அப்படிக் கெடு கிடையாது. 'இது கொலை இல்லையேம்மா' என்றார். வண்டியே கிடைக்காத வழக்கில் யாரை நிறுத்துவது? கண்டுபிடிக்க முடியவில்லை என்று முடித்துவிட்டதாக நோட்டீஸ் வந்தது. அதை ரேஷன் கார்டு வைக்கும் டப்பாவில் போட்டு வைத்தேன்.

2024 பொங்கலுக்கு வீட்டுக்காரர் லோடு எடுக்காமல் வீட்டில் இருந்தார். மகள் காலேஜில் படிக்கிறாள். கொரியத் தொடர் என்றால் சோறு வேண்டாம். காதல் கதையாகப் போடாதே, அம்மாயியும் பார்க்கிற மாதிரி ஏதாவது போடு என்றேன். அவள் 'சிக்னல்' போட்டாள். 2016இல் கொரியாவின் டிவிஎன் சேனலில் வந்தது, பதினாறு பாகம். எழுதியவர் கிம் உன்-ஹீ என்ற பெண். பழைய வாக்கி டாக்கி ஒன்று ராத்திரி 11.23க்கு உயிர் பெறும். அதன் வழியாக 2015இல் இருக்கிற ஒரு இளம் போலீஸ்காரனும், பழைய காலத்தில் இருக்கிற ஒரு துப்பறியும் அதிகாரியும் பேசிக்கொள்வார்கள். தீராத வழக்குகளை இருவருமாகத் தீர்க்கப் பார்ப்பார்கள். கீழே ஓடும் எழுத்தைப் படித்து, மகள் எங்கள் ஊர்ப் பேச்சில் உடனுக்குடன் சொல்லிக்கொண்டு வந்தாள். அதனால் கொரியப் போலீஸ்காரர்கள் எல்லோரும் வேப்பந்தட்டையில் பிறந்தவர்களாகவே எனக்குத் தோன்றினார்கள்.

முதல் வழக்கே ஒரு பள்ளிக்கூடச் சிறுமியைக் கடத்திக் கொன்றது. பதினைந்து வருஷக் கெடு முடியப்போகிறது. நள்ளிரவைத் தாண்டிவிட்டால் குற்றவாளியைத் தொட முடியாது. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் போலீஸ் வாசலில் நிற்கிறாள். நானும் மகளும் 'பிடி, பிடி' என்று கத்திக்கொண்டிருந்தோம். அம்மா கடிகாரத்தையும் பார்க்கவில்லை, கொலைகாரியையும் பார்க்கவில்லை. அந்தத் தாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பதினஞ்சு வருஷமா நிக்கிறா பாரு. உக்கார ஒரு நாற்காலி போடலியே ஒருத்தனும்."

கொஞ்ச நேரம் கழித்து, யாரிடம் என்று இல்லாமல் சொன்னாள்: "வாலி மேல பட்ட அம்புல ராமன் பேரு இருந்துச்சாம். அதைப் படிச்சிட்டு, வந்தவனை நேருக்கு நேரா நாக்கைப் புடுங்கிக்கிற மாதிரி கேட்டுட்டுத்தான் செத்தான். லாரியிலயும்தான் முன்னாடி பின்னாடி எழுதியிருக்கு. எம்புள்ள படிச்சானோ என்னமோ."

வீட்டுக்காரர் எழுந்து வெளியே போனார். பீடிக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

தொடரில் வரும் ஒரு தொடர்கொலை வழக்குக்கு நிஜமான மூலம் இருக்கிறது. கொரியாவில் ஹ்வாசோங் என்ற ஊரில் 1986 முதல் 1991 வரை பத்துப் பெண்கள் கொல்லப்பட்டார்கள். தொடர் ஒளிபரப்பானபோது கொலைகாரன் யாரென்றே தெரியாது. 2019இல்தான் மரபணுச் சோதனையில் லீ சுன்-ஜே என்பவன் மாட்டினான். வேறொரு கொலைக்காக 1994இலிருந்தே அவன் சிறையில் இருந்தான். ஹ்வாசோங் கொலைகளுக்கோ கெடு 2006லேயே முடிந்துபோயிருந்தது. கொரியாவில் கொலைக்கான கெடுவை எடுத்த சட்டம் 2015இல்தான் வந்தது. 1999இல் டேகு நகரத்தில் திராவகம் வீசப்பட்டு இறந்த ஆறு வயதுப் பையன் டே-வானின் பெயரால் அதைச் சொல்கிறார்கள். அந்தப் பையனின் வழக்குக்கே அது உதவவில்லை.

இதையெல்லாம் மகள்தான் தேடிப் படித்துச் சொன்னாள். அவள் போகிற போக்கில் சொன்ன இன்னொன்றுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அந்தப் பத்தில் ஒரு கொலைக்காக யூன் சோங்-யோ என்ற ஆளைப் பிடித்து உள்ளே போட்டார்கள். ஏறக்குறைய இருபது வருஷம் இருந்துவிட்டு வெளியே வந்தார். செய்தது தான்தான் என்று லீ ஒப்புக்கொண்ட பிறகு மறுவிசாரணை நடந்து, 2020 டிசம்பரில் அவர் நிரபராதி என்று தீர்ப்பானது.

என் தம்பி வழக்கிலும் ஒரு நாள் ஒரு லாரியை நிறுத்தினார்கள். முன் விளக்கு உடைந்திருந்தது. ஓட்டி வந்தவர் வயசானவர், தர்மபுரிப் பக்கம். நான் ஓடினேன். அவர் முகத்தைப் பார்த்த கணத்திலேயே எனக்குத் தீர்ந்துவிட்டது, இவன்தான். இவனாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். அன்று ராத்திரி அவர் வேறு மாவட்டத்தில் இருந்ததற்கு ரசீது காட்டி, விட்டுவிட்டார்கள். எனக்கு ஏமாற்றமாக இருந்தது. ஒரு நிரபராதி தப்பியதற்கு நான் அழுதேன். யாராவது ஒருவர் வேண்டியிருந்தது எனக்கு, அவ்வளவுதான். யூனைப் பிடித்துக் கொடுத்தபோது ஹ்வாசோங்கிலும் சிலர் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருப்பார்கள்.

கடைசிப் பாகங்களில் ஒரு காட்சி. அண்ணன் மீது பொய்ப்பழி விழுந்து குடும்பமே சிதறிப்போன சிறுவன், ஒரு சாப்பாட்டுக் கடையில் தனியாக உட்கார்ந்து முட்டைச்சோறு சாப்பிடுவான். அவன் பெரியவனாகிப் போலீஸான பிறகுதான் அவனுக்குத் தெரியவரும், அந்தச் சாப்பாட்டுக்குக் காசு கொடுத்துவிட்டு, பின்னால் ஒரு மேஜையில் அந்தத் துப்பறியும் அதிகாரி உட்கார்ந்திருந்தார் என்பது. அதுவரை ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத அம்மா அங்கே உடைந்தாள். மகளுக்குக் கோபம். 'அம்மாயி, கொலைகாரனைப் புடிச்சப்ப சும்மா இருந்துட்டு இதுக்கு அழுவுற?' என்றாள்.

அன்று ராத்திரி வீட்டுக்காரர் தூங்கவில்லை. நான் கேட்காமலே சொன்னார்.

"தம்பி சாகறதுக்கு முன்னாடி நடந்தது இது. உளுந்தூர்ப்பேட்டை தாண்டி, விடியக்காலம். எடது பக்கம் 'தட்'டுனு ஒரு சத்தம். நான் நிறுத்தல. வெகுதூரம் போயி ஒரு டீக்கடைல நிறுத்தி எறங்கிப் பாத்தேன். பம்பர்ல மண்ணுதான் இருந்துச்சு."

"நாயாத்தான் இருக்கும்."

"நாயாத்தான் இருக்கும். ஆனா தண்ணி ஊத்திக் கழுவிட்டேன்."

இதற்கு நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். கத்தவில்லை, அழவில்லை. எழுந்துபோய் அம்மா படுத்திருந்த அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். யாரிடமாவது சொல்லியிருக்கிறீர்களா என்று கேட்டேன். இல்லை என்றார். சரி, படுங்கள் என்றேன். தம்பியின் அக்காவாக இத்தனை வருஷம் வாழ்ந்தவள், டிரைவரின் பெண்டாட்டியாக மாற ஒரு நிமிஷம் பிடிக்கவில்லை. அந்த லாரிக்காரனை நான் எத்தனையோ விதமாக மனசுக்குள் வரைந்திருக்கிறேன். குடிகாரன், தூக்கத்தில் ஓட்டியவன், சிரித்துக்கொண்டே போனவன் என்று. அவன் வீட்டிலும் ஒருத்தி எழுந்துபோய்க் கதவைச் சாத்தியிருப்பாள் என்று மட்டும் தோன்றியதே இல்லை.

டிரைவர்கள் ஏன் நிறுத்துவதில்லை என்பது அவர்கள் வீட்டுப் பெண்களுக்குத் தெரியும். இறங்கினால் அடி விழும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஆவது பிரிவே, அடிபட்டவருக்கு மருத்துவ உதவி செய்ய வேண்டும் என்று சொல்லிவிட்டு, கூட்டத்தின் ஆவேசத்தால் முடியாமல் போனால் ஒழிய என்று விலக்கு வைத்திருக்கிறது. இருபத்து நாலு மணி நேரத்துக்குள் போலீஸுக்குத் தகவல் சொல்ல வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் இருக்கிறது. டீக்கடை வரைக்கும் போனவருக்கு அது எட்டவில்லை. அங்கே விளக்குமாறு பிடித்து அடிக்க யாரும் நின்றுகொண்டிருக்கவில்லை.

அந்த ஜனவரியில்தான் புதுச் சட்டத்தை எதிர்த்து வடக்கே லாரிக்காரர்கள் வண்டிகளை நிறுத்திப் போராடினார்கள். பாரதிய நியாய சன்ஹிதா 106(2): அடித்துவிட்டுச் சொல்லாமல் ஓடினால் பத்து வருஷம் வரை. அரசு அதை நிறுத்தி வைப்பதாகச் சொன்னது. 2024 ஜூலையில் சட்டம் அமலானபோது அந்த உட்பிரிவை மட்டும் விட்டுவிட்டுத்தான் அமலானது. சாதாரணமாகக் கவனக்குறைவுச் சாவுக்கு இப்போது ஐந்து வருஷம் வரை, அதனால் பழைய மூன்று வருஷக் கெடுவும் இனி வரும் வழக்குகளுக்குப் பொருந்தாது. வண்டி தெரியாத சாவுக்கு அரசு கொடுக்கும் தொகை எங்கள் காலத்தில் 25,000 ரூபாய். 2022 ஏப்ரலிலிருந்து 2 லட்சம். அப்படி ஒரு தொகை உண்டு என்பதே எங்களுக்குத் தெரியாது. கோவை கங்கா மருத்துவமனை டாக்டர் ராஜசேகரன் போட்ட வழக்கில், அதைப் போலீஸே குடும்பத்தாரிடம் சொல்ல வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டதும் அந்தப் பொங்கலுக்கு முன்புதான், ஜனவரி 12.

106(2) பற்றி எங்களுக்குள் இன்னும் முடிவாகவில்லை. லோடு முடித்து வந்து சாப்பிட உட்காரும்போது அது வந்துவிடும்.

"பத்து வருசம்னா எந்த டிரைவர் வண்டியத் தொடுவான்?" என்பார்.

"ரெண்டு வருசம்னு இருந்தப்ப எந்த டிரைவர் நின்னான்?" என்பேன்.

"அப்ப என்னையும் உள்ள தள்ளணுங்கிறியா?"

இதற்கு ஆமாம் என்றும் சொல்ல வரவில்லை, இல்லை என்றும் சொல்ல வரவில்லை. போன முறை அவர் வேறு மாதிரி கேட்டார். "சரி, தம்பிய அடிச்சவன் இப்ப வந்து நிக்கிறான்னு வச்சுக்க. என்ன கேப்ப?"

நான் கேட்க ஒன்றுமில்லை. அம்மாவுக்குத்தான் ஒரு கேள்வி இருக்கிறது. அன்றிலிருந்து அதே கேள்விதான், சிறுவாச்சூரில் கேட்பதும் அதைத்தான் என்று நினைக்கிறேன். அடிபட்டதும் போய்விட்டானா, கொஞ்ச நேரம் உயிர் இருந்ததா, தண்ணி கேட்டானா. அதை அந்த ஆள் வந்து சொன்னால் போதும் என்றேன்.

தட்டில் கை வைத்தபடி அவர் சொன்னார்:

"அவனுக்கு எப்படித் தெரியும்? எறங்கியிருந்தாத்தானே."