கடிதம் தேடி வந்த பையன்

ஹாரி பாட்டர் முதல் புத்தகம் அடிப்படையில் ஒரு துப்பறியும் கதை. ரசவாதக் கல்லைத் திருடப் பார்ப்பது யார்? எல்லாச் சந்தேகமும் ஸ்நேப் மேல் விழ, கடைசியில் மாட்டுவது திக்கித் திக்கிப் பேசும் குவிரெல். 1997இல் வந்த கதை, முடிச்சு எல்லோருக்கும் தெரியும். ஆனால் நான் திரும்பத் திரும்ப வாசிப்பது பள்ளியிலிருந்து கடிதம் வரும் பகுதியைத்தான்.

ஹாரி படுப்பது படிக்கட்டுக்கு அடியிலுள்ள பொந்தில். உறையில் அந்தப் பொந்தே முகவரியாக எழுதியிருக்கும். பெரியப்பா தபால் வரும் வழியை ஆணி வைத்து அடைத்தால், 24 முட்டைகளுக்குள் சுருட்டிக்கொண்டு கடிதம் வரும். கடல் நடுவே பாறைக் குடிசைக்கு ஓடினாலும், பையன் தரையில் படுத்திருப்பது வரைக்கும் உறைக்குத் தெரியும். மந்திரக்கோலைவிட எனக்கு இதுதான் பெரிய மந்திரம்.

காரணம் இருக்கு. அப்பா பிறந்தது சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில். லயத்து வீடுகளுக்குத் தபால் பெட்டி கிடையாது. எல்லாக் கடிதமும் ஆபீசுக்குத்தான் போகும். கிராணி எடுத்துக் கொடுத்தால் உண்டு. ஆறாம் ஆண்டு முடித்த அப்பாவுக்கு ஆஸ்ரமா உள்ள ஒரு பள்ளியில் இடம் கிடைத்தது. கடிதம் கைக்கு வந்தபோது பதியும் நாள் முடிந்து இரண்டு வாரம். மூன்றாம் படிவத்தோடு படிப்பை விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டப் போனார். "யார் மேலயும் கோபம் இல்லடா" என்பார்.

சுங்கை சிப்புட்டிலிருந்து கோலகங்சார் தூரமில்லை. பேராக்கின் ஹாக்வர்ட்ஸ் என்றால் அங்குள்ள மலாய் கல்லூரிதான். 1905இல் அரச குடும்பத்து, பிரபுக்கள் வீட்டுப் பையன்களுக்காகத் தொடங்கிய உறைவிடப் பள்ளி. அதே ஊரில் 1877இல் நட்ட ரப்பர் மரங்களில் ஒன்று இன்னும் நிற்கிறது. ஆளப்போகிறவர்களுக்குப் பள்ளி வந்த ஊரிலேயே, எங்கள் தாத்தாக்களைக் கப்பலேற்றிய மரமும் வேர்விட்டது.

குவிரெல்லின் தலைப்பாகைக்குள் இன்னொரு முகம் ஒளிந்திருந்தது. கிராணிக்குப் பின்னாலும் ஒரு முகம் உண்டு: தோட்டத்துக்காரனுக்கு எதுவும் ஆபீஸ் வழியாகத்தான் போகும் என்ற ஏற்பாடு. துப்பறிந்தாலும் அதைக் கைது செய்ய முடியாது.

இப்போது விண்ணப்பமெல்லாம் ஆன்லைன். அண்ணன் மகளுக்கு நான்தான் நிரப்பிக் கொடுத்தேன். நிரப்பிக் கொடுக்க ஆள் இல்லாத பிள்ளைகள் இன்னும் இருக்கிறார்கள். திறமை இருப்பது பாதிக் கதை. அந்தப் பிள்ளை எங்கே படுத்திருக்கிறது என்று பள்ளிக்குத் தெரிவது மீதி.