மூன்று இரவுகள்

மகன் காரோடு வந்திருந்தான். கையில் மூன்று இரவுகள். ஏற்காட்டில் இரண்டு, கொல்லிமலையில் ஒன்று என்பது அவன் கணக்கு. வசதியான ஓட்டல்கள் ஏற்காட்டில்தானே! என் கணக்கு நேர்மாறு.

கெங்கவல்லிக்காரர்களுக்கு ஏற்காடு எளிது. வாழப்பாடி தாண்டி, அயோத்தியாப்பட்டணத்தில் திரும்பி, குப்பனூர் வழியாக ஏறினால் மதியச் சாப்பாட்டுக்கு மேலே இருக்கலாம். ஏரி, லேடீஸ் சீட், சேர்வராயன் கோயில் எல்லாம் கார் போகிற இடங்கள். மறுநாள் 20 கொண்டை ஊசி வளைவுகளில் சேலத்துக்கு இறங்கிவிடலாம். ஒரு இரவு தாராளம்.

கொல்லிமலை அப்படியல்ல. காரவள்ளியிலிருந்து 70 வளைவுகள். ஏறி முடிப்பதற்குள் என் மனைவிக்குத் தலை சுற்றும். அன்றைக்கு வேறெதுவும் ஆகாது. மறுநாள்தான் அறப்பளீஸ்வரர் கோயில். அதன் பக்கத்திலிருந்து ஆகாயகங்கைக்கு ஆயிரத்துக்கும் மேல் படிகள். அருவி பார்த்து மூச்சு வாங்க ஏறி வந்தவன், அன்றே அந்த 70 வளைவுகளில் வண்டியை இறக்கக் கூடாது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த காலத்தில் 'எத்தாப்' என்று ஒரு சொல். தங்குமிடத்துக்கும் அதுதான் பெயர், அங்கே போய்ச் சேருகிற வழிக்கும் அதுதான் பெயர். இதை மகனிடம் விளக்கப் போனால், அவன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

மனைவிதான் முடித்துவைத்தாள். "நான் படி இறங்கல. கோயில்ல உக்காந்திருக்கேன், நீங்க போயிட்டு வாங்க. ஆனா அவசரப்படுத்தாதீங்க. அடுத்த வருஷம் இந்த முட்டி என்னை மலை ஏற விடுமோ என்னமோ."

செம்மேட்டில் இரண்டு இரவுக்கு மகன் அறை சொல்லிவிட்டான்.